பெற்றோல் அடிக்கும் கை யாருடையது?

கேள்வி: இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாகனம் ஓட்டுவோர் தாமே பெற்றோல் அடித்துக்கொள்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர்கள் இதைச் சொல்லி, இங்கு மட்டும் ஏன் இன்னமும் ஆள் நின்று அடிக்கிறார் என்று கேட்கின்றனர். அந்த முறை இலங்கைக்கு வந்தால் விலை குறையுமா? படுவான்கரைக்கு அது பொருந்துமா?
(வாசகர், மண்டூர்)

பதில்: விலை குறையும் என்று எதிர்பார்ப்பதற்கு இன்றைய நிலையில் இடமில்லை. இங்கு மட்டும்தான் ஆள் நின்று அடிக்கிறார் என்பதும் சரியன்று. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் அதுவே வழக்கம், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் அதுவே சட்டம். வாடிக்கையாளர் தாமே நொசிலை, அதாவது குழாயின் முனையில் உள்ள கைப்பிடியை, எடுத்து நிரப்பிப் பணம் செலுத்துவது சுயசேவை முறை. நிலையத்தின் ஊழியர் நிரப்பிப் பணம் பெறுவது முழுச்சேவை முறை. முன்னதை முன்னேற்றத்தின் அடையாளமாகவும் பின்னதைப் பழைமையின் எச்சமாகவும் காணும் பார்வை புலம்பெயர்ந்தோர் பேச்சில் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆயினும் இவ்விரு முறைகளுக்கும் இடையிலான போட்டி தொடக்கத்திலிருந்தே ஊழியரின் சம்பளமாகச் செலவாகும் பணம் இறுதியில் யாருடைய கைக்குப் போகிறது என்பதைப் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1947ஆம் ஆண்டில் பெரிய அளவிலான சுயசேவை நிலையம் திறக்கப்பட்டபோது அதன் கவர்ச்சி முழுவதும் விலையிலேயே இருந்தது. ஆள் கூலி மிச்சமானதால் அயல் நிலையங்களைவிட மலிவாக விற்க அதனால் முடிந்தது. நியூ ஜேர்சியில் ஹக்கன்சாக் நகரை அடுத்துத் தொடங்கிய ஒரு நிலையம், மற்றவர்கள் கேலன் 21.9 சதத்துக்கு விற்ற பெற்றோலை 18.9 சதத்துக்கு விற்றது. 1949இல் அம்மாநிலம் சுயசேவையைத் தடைசெய்தபோது சட்டம் தீப் பாதுகாப்பைக் காரணமாகக் கூறினாலும், விலைப் போட்டியால் அடிபட்ட ஏனைய வணிகர்களின் நெருக்குதல் அதன் பின்னால் இருந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. ஒரிகன் மாநிலம் 1951இல் அதே வழியில் சென்றது. இவ்விரு மாநிலத் தடைகளின் விளைவை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று, தடையினால் விலை கேலனுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 சதம் வரை உயர்ந்திருந்ததாகக் கணித்தது. ஆகவே விற்பவர் தம் விலையைத் தாமே தீர்மானிக்கும் சந்தையில் சுயசேவை வாடிக்கையாளருக்குச் சிறிதளவேனும் பயன் தந்தது என்பதை மறுக்க இயலாது.

இலங்கைச் சந்தை அவ்வாறு அமைந்ததன்று. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஷெல், கால்டெக்ஸ் முதலிய வெளிநாட்டு நிறுவனங்களின் விநியோகம் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர், நாடு முழுவதும் ஒரே விலை என்பது நீண்டகால வழக்கமாயிற்று. 2003இல் லங்கா ஐஓசியும் 2023இல் சீனாவின் சினொபெக்கும் வந்து சேர்ந்த பின்னரும், மாத இறுதியில் அறிவிக்கப்படும் விலைத் திருத்தமே நுகர்வோர் கொடுக்கும் தொகையைத் தீர்மானிக்கிறது. சினொபெக் தொடக்கத்தில் லீற்றருக்குச் சில ரூபாய் குறைத்து விற்றது உண்மையே. ஆயினும் அது நிறுவனம் எடுத்த முடிவேயன்றிச் செட்டுக்காரர், அதாவது எரிபொருள் நிலையத்தை நடத்துபவர், எடுத்த முடிவன்று. நிலையத்தை நடத்துபவருக்குக் கிடைப்பது நிறுவனம் வகுத்த இலாப விகிதம் மட்டுமே என்பதும், அவ்விகிதத்தில் கை வைத்தால் என்ன நேரும் என்பதும் 2025 மார்ச் தொடக்கத்தில் வெளிப்பட்டன. மூன்று வீதக் கழிவு நீக்கப்பட்டதை எதிர்த்து விநியோகத்தர்கள் கொள்வனவை நிறுத்தப்போவதாக அறிவித்ததும், தட்டுப்பாடு வரும் என்றஞ்சிய மக்கள் மீண்டும் வரிசையில் நின்றனர். இத்தகைய அமைப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து நிலையமொன்று நாளை ஊழியரை நீக்கிவிட்டாலும் பலகையில் உள்ள விலையை அது குறைக்கப்போவதில்லை. மிச்சமாகும் சம்பளம் நிலையத்தாரிடமோ நிறுவனத்திடமோ தங்க, வாடிக்கையாளர் கூலியில்லாத வேலையாளாக நின்று நொசிலைப் பிடிப்பார்.

அந்தச் சம்பளம் எவ்வளவு என்பதையும் கருத வேண்டும். தனியார் துறைக்கான தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 சனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அட்டை வாசிப்பான், முன்பணத்தைச் சரிபார்க்கும் மென்பொருள், கண்காணிப்புக் கமரா ஆகியவற்றுடன் கூடிய பம்புகளுக்கு டொலரில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்நூறு, ஆயிரம் ரூபாத் தாளை நீட்டி அந்தத் தொகைக்கு மட்டும் அடித்துச் செல்லும் மோட்டார் சைக்கிள்காரர்கள் பெரும்பான்மையாக உள்ள ஊரில் அவற்றால் ஆகும் பயன் குறைவு. கூலி உயர்ந்து இயந்திரம் மலிந்த நாடுகளில் சுயசேவை இயல்பாகவே பரவியது. அங்கும் ஆள் அடியோடு மறைந்துவிடவில்லை: பிரித்தானியாவின் பெற்றோல் நிலையங்களில் பம்பின் அருகே நின்ற ஊழியர் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் காசாளராக இடம் மாறினார், அந்த இருக்கையில் இரவு வேலை பார்த்தே குடும்பத்தை நிலைநிறுத்திய ஈழத் தமிழர் ஏராளம். ஊருக்கு வந்து இந்தக் கேள்வியை எழுப்பும் உறவினர்களிலேயே சிலருக்கு அந்த அனுபவம் இருக்கக்கூடும்.

படுவான்கரைக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு வேறுவிதமாக விடை தேட வேண்டும், ஏனெனில் மேலைநாட்டுச் சுயசேவை நிலையம் காரின் எரிபொருள் தாங்கியை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. நொசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. எண்ணெய் பாயும்போது அத்துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டிருக்கும். தாங்கி நிரம்பி எண்ணெய் துளையை மூடியதும் காற்று தடைப்பட, உள்ளே அழுத்தம் குறைந்து, ஒரு சவ்வு இழுபட்டு அடைப்பிதழ் தானே மூடிக்கொள்ளும். நீண்ட கழுத்துடைய கார்த் தாங்கியில் இது செவ்வனே நிகழும். மோட்டார் சைக்கிளின் தாங்கி ஆழமற்றது. நொசில் அதனுள் சரியாக அமராததால் தானியங்கி அடைப்பை நம்பாமல் கண்ணால் பார்த்தே நிறுத்த வேண்டும், தவறினால் பெற்றோல் சூடான இயந்திரத்தின்மேல் வழியும். படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், எரிபொருள் சென்று சேரும் இடங்கள் மோட்டார் சைக்கிளோடு நின்றுவிடுவதுமில்லை. உழவு இயந்திரம், இருசக்கர லான்ட்மாஸ்டர், பெரும்போக அறுவடைக்கு வரும் வெட்டு இயந்திரம், நீர்ப்பம்பி ஆகிய பலவற்றுக்கும் கானில்தான் எண்ணெய் போகிறது. வயலில் நிற்கும் இயந்திரத்தை எண்ணெய்க்காகச் செட்டுக்கு ஓட்டிவருவதைவிடக் கானை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது எவருக்கும் எளிது. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், வாவியைக் கடந்தோ, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றியோ கிழக்குக் கரையான எழுவான்கரைக்குச் செல்பவர், வந்த பயணத்திலேயே கானையும் நிரப்பிக்கொள்ள நினைப்பது இயல்பு. கானில் ஊற்றும் வேலையே சுயசேவைக்கு மிகவும் ஒவ்வாத வேலை. அதன் காரணம் அடுத்த விடையில் கூறப்படும்.

2022ஆம் ஆண்டின் தட்டுப்பாடும் நினைவில் இருக்க வேண்டும். அவ்வாண்டின் நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அனுமதி முறை நடைமுறைக்கு வந்தபோது, வாகனத்துக்கு ஒன்றாக வழங்கப்பட்ட கியூஆர் குறியீட்டைத் தொலைபேசியில் வருடி, வாரப் பங்கில் மீதி எவ்வளவு என்று பார்த்து, மோட்டார் சைக்கிளுக்கு நான்கு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து லீற்றர் என்று தொடக்கத்தில் அளந்து கொடுத்தவர்கள் செட்டு ஊழியர்களே. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்படும் வரை, கூலிக்கு எண்ணெய் அடித்தவர்கள் ஒரு பங்கீட்டு அதிகாரியின் கடமையையும், வரிசையில் நின்றோரின் கோபத்தையும் சேர்த்தே சுமந்தனர். ஆளில்லா நிலையங்களைக் கொண்டு அதே பங்கீட்டைச் செய்ய வேண்டுமெனில் ஒவ்வொரு பம்பையும் அரசின் தரவுத்தளத்துடன் இணைக்க வேண்டியிருந்திருக்கும்.

இவ்வளவும் கூறுவதால் முழுச்சேவை குறையற்றது என்று கொள்ளலாகாது. பெற்றோலின் ஆவியில் பென்சீன் உண்டு. அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென உறுதிசெய்யப்பட்டது. வாடிக்கையாளர் சில நிமிடம் சுவாசிக்கும் அந்த ஆவியை ஊழியர் நாள் முழுவதும் சுவாசிக்கிறார், அதற்கென அவருக்கு எவரும் மேலதிகமாக எதுவும் கொடுப்பதில்லை. மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவராமல் அடிப்பது பற்றிய முறைப்பாடும் ஊர்தோறும் உண்டு; பம்பின் அளவைச் சரிபார்த்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பு என்றாலும், பூச்சியத்தைப் பார்க்கும் பொறுப்பு நுகர்வோரின் கண்ணுக்கே உரியது. சுயசேவைக்கு நியாயமான இடம் ஒன்றும் உள்ளது, அது இரவு. ஒரிகன் மாநிலம் தன் தடையை முதலில் தளர்த்தியது நகரத்தில் அன்று. ஆள் அடர்த்தி குறைந்த மாவட்டங்களில், இரவில் ஊழியர் இல்லாமல் பயணிகள் அகப்பட்டுக்கொள்வதைத் தவிர்ப்பதற்காக 2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலமே அது தளர்த்தப்பட்டது. 2023இல் மாநிலம் முழுவதும் சுயசேவை அனுமதிக்கப்பட்டபோதும், பாதிப் பம்புகளில் ஊழியர் இருக்க வேண்டும், இரு வகைக்கும் ஒரே விலை இருக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்படும் படுவான்கரை வாகனத்துக்கு, பூட்டிய நிலையத்தில் அட்டையால் திறக்கும் ஒரேயொரு பம்பு இருந்தால் அது பெரும் உதவியாகும். அந்த ஒரு பம்புக்காகக் குரல் கொடுப்பது, எல்லாவற்றையும் மாற்றக் கேட்பதைவிடப் பொருளுள்ளது.

கேள்வி: கானில் பெற்றோல் வாங்கும்போது தாமே அடித்துக்கொண்டால் என்ன ஆபத்து? 
(வாசகர், வெல்லாவெளி)

பதில்: ஓடும் எண்ணெய் பிளாஸ்டிக் கானின் சுவரோடு உராயும்போது நிலைமின்னேற்றம், அதாவது ஓரிடத்திலேயே தேங்கி நிற்கும் மின், சேர்கிறது. கான் தரையில் இருந்தால் அது கசிந்து இறங்கிவிடும்; மோட்டார் சைக்கிளின் இருக்கையிலோ, ரப்பர் விரிப்பிட்ட வாகனத் தட்டிலோ இருந்தால் இறங்க வழியின்றி நின்று, உலோக நொசில் நெருங்கும் கணத்தில் பொறியாகத் தாவலாம். பெற்றோலின் தீப்பற்றும் வெப்பநிலை, அதாவது எரியக்கூடிய ஆவியை அது வெளியிடத் தொடங்கும் நிலை, பூச்சியத்துக்கும் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியசாகும். எனவே மட்டக்களப்பின் எந்தக் காலநிலையிலும் அதன் மேற்பரப்பில் எரியும் ஆவி உண்டு, அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும்.

ஜப்பான் 1998இல் சுயசேவையை அனுமதித்தபோதும், வாடிக்கையாளர் தாமே கானில் பெற்றோல் நிரப்புவதை அனுமதிக்கவில்லை. அதை ஊழியரே செய்ய வேண்டும். 2019இல் கியோத்தோவின் அசைவூட்டப்பட நிறுவனமொன்றில் கானில் வாங்கிய பெற்றோலைக் கொண்டு தீவைக்கப்பட்ட பின்னர், வாங்குபவரின் அடையாளத்தையும் தேவையையும் கேட்டறிவதும் 2020 முதல் கட்டாயமாயிற்று. இங்கு நிரப்புபவர் ஊழியராயினும், கானை வாகனத்திலிருந்து இறக்கித் தரையில் வைப்பதும், நொசில் கானின் வாயைத் தொட்டபடி இருக்க மெதுவாக நிரப்பச் சொல்வதும், வெயிலில் விரிவதற்கு மேலே சிறிது இடம் விடுவதும் வாங்குபவர் வற்புறுத்த வேண்டியவை.

மண்ணெண்ணெயின் தீப்பற்றும் வெப்பநிலை 38 பாகைக்கு மேற்பட்டது என்பதனாலேயே அதை விளக்கிலும் அடுப்பிலும் பயன்படுத்த முடிகிறது. பெற்றோல் இருந்த கானில் மண்ணெண்ணெய் வாங்கினால் அடியில் தங்கிய சிறிதளவு பெற்றோலே அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துவிடும், பற்றவைக்கும்போது அடுப்பு வெடிக்கக்கூடும். எனவே இரண்டுக்கும் வெவ்வேறு நிறக் கான்களை வைத்திருப்பதும், பெற்றோல் கானை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியே நிழலில் வைப்பதும் நன்று.