கோடையில் நாயும் குதிரையும்: தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்

 

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திர நாட்களில், எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை குதிரையில்தான் வரவேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். நானும் மறுக்கவில்லை. வாடகைக் குதிரை வந்தது. மேலே கனத்த வெல்வெட் துணி, ஜரிகை, கழுத்தில் மணிகள். ஊர்வலம் புறப்படும்போதே மணி பதினொன்றரை. குதிரையைப் பிடித்துவந்த பையன் பெருமையாகச் சொன்னான்: "பாய், இந்தக் குதிரைக்கு வேர்வையே வராது. அவ்வளவு நல்ல குதிரை." கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினோம். நான்கு தெரு தாண்டுவதற்குள் குதிரை கால் மடங்கித் தார்ச்சாலையில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை எப்படியோ குதித்துத் தப்பினார். கால்நடை மருத்துவர் வரும்வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். அஸருக்குப் பிறகுதான் எழுந்து நின்றது.

வேர்க்காததுதான் நோய் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கடற்கரையில் வெயிலை விட மோசமானது புழுக்கம். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காய்ந்த மேல்காற்று அடித்தால் பாத்தியில் நீர் சீக்கிரம் வற்றும், உப்பு பூக்கும். ஈரக்காற்று நின்றுவிட்டால் வெயில் எவ்வளவு இருந்தாலும் நீர் மெதுவாகத்தான் வற்றும். உடம்பும் ஒரு பாத்திதான். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் உள்நாட்டில் நாற்பது டிகிரியைத் தாங்கும் பிராணி, இங்கே முப்பத்தைந்திலேயே தவிக்கிறது.

குதிரையும் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கும் பிராணி. ஆனால் நம் வியர்வையை விட அதன் வியர்வையில் உப்பு மிக அதிகம். சேணத்தின் கீழே வெள்ளையாக நுரைக்கிறதே, அது வியர்வையில் உள்ள ஒருவகைப் புரதத்தால் வருவது. ஈரமான வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்க்கும் சக்தியே குறைந்துவிடும், அல்லது அறவே நின்றுவிடும். ரோமம் காய்ந்து, மூக்குத் துவாரம் விரிந்து, ஓய்வில் நிற்கும்போதும் மூச்சு வாங்கும். எங்கள் ஊர்வலக் குதிரைக்கு இருந்தது இதுதான்.

இதைப் படித்தபோது நம் கடற்கரையின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ராவுத்தர் என்ற சொல்லே குதிரை வீரரைக் குறித்தது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்தன. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரைக்கு 220 தீனார், வழியில் இறந்தாலும் விலை உண்டு என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டிய மன்னரிடம் அமைச்சராகவே இருந்தார்.

வந்த குதிரைகள் என்ன ஆயின? அதே காலத்தில் இங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரசர் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினாலும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சமைத்த சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். வஸ்ஸாஃபும் வறுத்த பார்லி, நெய்யில் பிசைந்த தானியம், காய்ச்சிய பால் கொடுத்ததைக் குறைசொல்கிறார். போலோ இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை செத்தால்தான் அடுத்த வருடமும் விற்கலாம் என்பதற்காக, குதிரை வைத்தியர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். வெளியூர்க்காரர் காதில் விழுந்த பேச்சாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த வியாபாரிகளில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர்கள் என்பதால், எனக்கு அந்த வரி முள்ளாகத்தான் குத்தியது. தன் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையால் துடைத்துவிட்டவர் நம் நாயகம் (ஸல்) அவர்கள். முவத்தாவில் அந்தச் செய்தி இருக்கிறது.

சரி, இன்று என்ன செய்யலாம்? சவாரிக்கு, வண்டிக்கு, ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருப்பவர்கள் நம்மிலும் உண்டு, வாடகைக்கு எடுப்பவர்கள் அதைவிட அதிகம். வேலையை ஃபஜ்ருக்குப் பிறகு வெயில் ஏறும்வரை வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் அஸருக்குப் பிறகுதான். இது சட்டமும்கூட. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பிராணிகளை வண்டி இழுக்கவோ சுமை சுமக்கவோ பயன்படுத்தக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. மாப்பிள்ளை ஊர்வலத்தை மாலையில் வைத்தால் நிக்காஹ் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு நடுத்தரக் குதிரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும், வேலை செய்தால் இன்னும் கூடுதல். வேர்த்து வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது தவறு. தாகத்தோடு வந்ததைக் குடிக்க விடுங்கள். தண்ணீரோடு உப்பும் வேண்டும். வியர்வையில் உப்பு போய்விட்டால் குதிரைக்குத் தாகமே சரியாக எடுக்காது. தீவனத்தில் தினம் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி உப்புக் கலந்து கொடுங்கள், பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் குறைந்து, காய்ந்த தீவனம் மட்டும் தின்றால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும். குதிரைகள் பல அதில்தான் சாகின்றன. பசும்புல்லை அதிகமாக்கி, கொள்ளைக் குறையுங்கள்.

சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயமும் வேண்டாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி இதே மாதிரி வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் நடந்தது. அதற்காகச் செய்த ஆராய்ச்சிகளில், குளிர்நீரை விடாமல் ஊற்றுவதுதான் குதிரையைக் காப்பாற்றும் வழி என்று தெளிவாகிவிட்டது. கழுத்து, மார்பு, தொடை என்று ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்று படும்படி நிழலில் நிறுத்துங்கள். ஓய்வில் உள்ள குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். அரைமணி நேரம் நிறுத்தியும் மூச்சு இறங்கவில்லை என்றாலோ, ஆசனவாயில் பார்த்த வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலோ மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம். தகரக் கொட்டகையில் கட்டுபவர்கள் மேலே தென்னங்கீற்றைப் போட்டு, இரண்டு பக்கமும் திறந்து விடுங்கள்.

நாயைப் பற்றி எழுதினால் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். அதன் எச்சில் நஜீஸ், ஷாஃபி மத்ஹபில் அது பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணோடு கழுவ வேண்டும். இதில் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. காவலுக்கும் மந்தைக்கும் நாய் வளர்க்க அனுமதியும் உண்டு. முந்திரித் தோப்பிலும் ஆட்டுப்பட்டியிலும் நம்மவர்கள் வளர்க்கிறார்கள். வளர்ப்பவர் மீது அதன் தண்ணீரும் நிழலும் கடமை.

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடினால் அந்த இளைப்பும் பயன்படாது. குட்டை மூக்குள்ள பக் போன்ற ஜாதிகளுக்கும், அடர்ந்த ரோமம் உள்ள மலைநாட்டு நாய்களுக்கும் நம் ஊர் சித்திரை பெரிய சோதனை. காசு கொடுத்து ஹஸ்கி வாங்குபவர்களை எனக்குப் புரிவதே இல்லை. சிப்பிப்பாறையும் நம் தெரு நாயும் இந்த மண்ணுக்கென்றே வந்தவை. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதில் நாயை நடத்தாதீர்கள். சங்கிலியில் கட்டினால், சூரியன் நகர நிழலும் நகரும் என்பதை மறக்காதீர்கள். காலையில் நிழலில் கட்டிய நாய் லுஹரில் வெயிலில் கிடக்கும். கருவாட்டுத் தலையைப் போட்டால் பக்கத்தில் தண்ணீரும் வையுங்கள்.

ஈறு செங்கல் நிறமாகச் சிவந்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்குதல். நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளே பூட்டிவிடும். வாயில் தண்ணீரைத் திணிக்கவும் வேண்டாம். வெப்பம் 103 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்கு.

ஒரு எச்சரிக்கை: எச்சில் ஒழுகித் தள்ளாடும் அறிமுகமில்லாத நாய்க்கு வெறிநோயும் இருக்கலாம். கையால் தொடாதீர்கள், தூரத்தில் தண்ணீரை வைத்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கடியை மறைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

வாசலுக்கு வெளியே, பிள்ளைகள் கை படாத இடத்தில் ஒரு மண்தொட்டி வையுங்கள், அதை வீட்டுப் பாத்திரங்களோடு சேர்க்காதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசு முட்டையிடும். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. புதுச்சேரிப் பக்கம் போக முடிந்தவர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டியில் கொண்டுபோகும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், வழியில் டீக்கு நிறுத்தாதீர்கள்.