பிளஸ் டூ முடித்து விமானி ஆக: எதை முதலில் செய்வது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விமானப் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்களும் வரத் தொடங்கிவிடும். அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். குறைந்த செலவில் தெரிந்துகொள்ளக்கூடியவற்றை முதலில் முடித்துவிட்டு, பெரிய செலவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கே நிற்க நேர்ந்தாலும் இழப்பு சிறிதாக இருக்கும்.

1. படிப்பும் வயதும்

விமான நிறுவனத்தில் சேர சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் வேண்டும். அதை வழங்குவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான தகுதி. வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்கள் இந்த இரண்டு பாடங்களையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியே எழுதித் தேறலாம்.

2. உடல் தகுதி

முதலில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 பரிசோதனை. அதில் தேறிய பிறகு கிளாஸ் 1. விமான நிறுவன வேலைக்குக் கிளாஸ் 1 கட்டாயம். பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இதைச் செய்யும் இடங்களுள் ஒன்று. கண்ணாடி அணிவதாலேயே வாய்ப்புப் போய்விடாது. நிறக்குருடு, வலிப்பு போன்றவை பெரிய தடை. இரண்டு பரிசோதனைகளும் முடியும்வரை எந்தப் பள்ளிக்கும் பணம் கட்ட வேண்டாம்.

3. எழுத்துத் தேர்வுகள்

டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் நம்பர் எனப்படும் தேர்வர் அடையாள எண்ணைப் பெற்று ஏர் நேவிகேஷன், வானிலையியல், விமான விதிமுறைகள், டெக்னிக்கல் ஆகிய தாள்களை எழுத வேண்டும். தேர்ச்சிக்கு 70 சதவீதம். ரேடியோவில் பேசுவதற்கான உரிமத் தேர்வு தனி. இவற்றில் முடிந்தவரை பறக்கத் தொடங்கும் முன்பே தேறிவிடுங்கள். பறக்கும் பயிற்சிக்கு நடுவே புத்தகத்தோடு மல்லுக்கட்டுவது கடினம். தாள்கள் பாக்கியிருந்தால் உரிமமும் தள்ளிப்போகும்.

4. பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். சுமார் 550 கி.மீ. நீண்ட பயணம் ஒன்றும், இரவுப் பறத்தலும் அதில் அடங்கும். இது எத்தனை மாதத்தில் முடியும் என்பது பள்ளியைப் பொறுத்தது. நேரில் போய்க் கேளுங்கள்:

- இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள்? மாணவர்கள், பயிற்றுநர்கள் எத்தனை பேர்?
- கடைசி அணி 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தது?
- பாதியில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்? எழுத்தில் தருவீர்களா?

அங்கே படிக்கும் மாணவர்களிடமும் தனியே விசாரியுங்கள். டி.ஜி.சி.ஏ. வெளியிடும் பள்ளித் தரவரிசையையும் பாருங்கள். உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசு நிறுவனம். நுழைவுத் தேர்வு உண்டு. இண்டிகோ, ஏர் இந்தியா போன்றவற்றின் கேடட் (பயிற்சி விமானி) திட்டங்களில் சேருவதானால் வேலை உறுதியா, நிபந்தனைக்கு உட்பட்டதா என்று ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் உரிமம் பெற்றால், இங்கே அதை மாற்றிக்கொள்ள மறுபடியும் தேர்வு எழுத வேண்டும்.

5. பணக் கணக்கு

சி.பி.எல். பயிற்சிக்குப் பெரும்பாலும் 50 லட்சம் ரூபாய் அளவுக்கு ஆகும். அதோடு முடிவதில்லை. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களை ஓட்டத் தனியாக டைப் ரேட்டிங் வேண்டும். அதற்கும் பல லட்சம் ஆகும். உரிமம் வாங்கியவுடன் வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. காத்திருக்கும் காலத்திலும் கடனுக்கு வட்டி ஏறும், உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் புதுப்பித்துவர வேண்டும். வீட்டை அடமானம் வைக்கும் முன், ஓராண்டு வேலையில்லாவிட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டாமல், பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டக் கேளுங்கள்.

6. அதன் பிறகு

வேலையில் சேர்ந்ததும் துணை விமானியாகத் தொடங்குவீர்கள். கேப்டனாக ஏ.டி.பி.எல். எனப்படும் மேல்நிலை உரிமம் தேவை, அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இடையில் தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டமும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். உடல்நிலை காரணமாகப் பறக்க முடியாமல் போனாலும் அது கைகொடுக்கும்.

இந்த வாரமே கிளாஸ் 2 பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிகளைத் தேடுங்கள்.