கைபேசியில் வைத்தியம் தேடுவோர் யார்?

உடம்புக்கு ஏதேனும் நேர்ந்தால், மருத்துவமனைக்குப் புறப்படுமுன் கைபேசியில் இணையத்தைத் தேடிப் பார்ப்பது இன்று வண்டியூரிலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் எல்லோரும் ஒரே விதமாகத் தேடுவதில்லை. வயது, படிப்பு, ஆண் பெண் என்ற நிலை, ஊர், வீட்டு மொழி ஆகியவற்றுக்கேற்பத் தேடும் முறை வேறுபடுகிறது. கிடைக்கும் விடையும் வேறுபடுகிறது. இம்மாதப் பாடத்தில் இதனை ஆராய்வோம்.

2019–21-இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 70 பேர். பெண்களில் 47 பேர்தாம். நாடு முழுவதையும் நோக்கினால் நகரப் பெண்களில் 52 பேர். கிராமப் பெண்களிலோ 25 பேரே. இக்கணக்கும் 49 வயதுக்கு உட்பட்டோரைப் பற்றியது. நோய் மிகுந்தவர்களோ முதியோர். ஆகவே பல இல்லங்களில் நோயுற்றவர் ஒருவர், தேடுபவர் மற்றொருவர்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தறியில் அமர்ந்த பெரியவர் ஒருவர், "நெஞ்சில் வாயு பிடித்துக்கொண்டது" என்கிறார் என வைத்துக்கொள்வோம். பேரன் "வாயு" என்றே இட்டுத் தேடுகிறான். சீரகத் தண்ணீரும் பெருங்காயமும் விடையாக வருகின்றன. நெஞ்சழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள் என்பது அவன் கண்ணில் படுவதில்லை. பெண்களுக்கும் நீரிழிவு நோயாளருக்கும் வலி குறைவாக இருந்து, மூச்சுத்திணறலும் குமட்டலுமே மேலோங்குவதும் உண்டு. அவ்வாறே, பூச்சிமருந்து தெளித்துத் திரும்பிய விவசாயிக்காக "மயக்கம்" என்று மட்டும் தேடினால், பித்தத்திற்கான கைமருந்தே கிடைக்கக்கூடும்.

பெண்களுக்கு மற்றொரு தடையும் உண்டு. வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால், தேடியதைப் பிறர் காண்பரே என்று கருப்பைக் கோளாறுகளைப் பற்றித் தேடவும் கூசுவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர், தாய்மொழியில் உணர்ந்த வலியை வேறு மொழியில் பெயர்த்துத் தேடவேண்டியிருக்கிறது.

ஆகவே அங்கத்தினர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. தேடுபவர் நோயாளியிடம் அமர்ந்து அவருடைய வயது, பழைய நோய்கள், உண்ணும் மாத்திரைகள், அன்று செய்த வேலை ஆகியவற்றைக் கேட்டறிக.

2. நோய்க்கு நாமே இட்ட பெயரை விடுத்து, உடம்பில் தோன்றும் குறிகளைச் சொல்லித் தேடுக.

3. ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். நெஞ்சுவலியிலும் நஞ்சு பட்டபோதும் தேடிக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழைக்கவும். மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்க.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க: உங்கள் இல்லத்தில் நோயுற்றவர் யார்? அவருக்காகத் தேடுபவர் யார்? இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதுண்டா?