ஒரு பெயரின் கீழ்ப் பல வலைத்தளங்கள்

கூடிச் செலவு செய்வது வேறு. கணக்கைக் கலப்பது வேறு. நமது சங்கங்களின் நிர்வாகிகள் இதனை நன்கறிவார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு சங்கங்கள் இயங்கலாம். ஆனால் பேரேடும் பணப்பெட்டியும் தனித்தனியாகவே இருத்தல் வேண்டும். வலைத்தளங்களுக்கும் இவ்விதியே பொருந்தும் என்பதை விளக்குவது இப்பாடத்தின் நோக்கமாகும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு நெசவாளர் சங்கமும், ஒரு விவசாயிகள் சங்கமும், ஒரு பால் சங்கமும் சேர்ந்து, ஆண்டுச் சந்தா செலுத்தி இணையத்தில் ஒரு பெயரைப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்பெயருக்கு முன்னால் ‘நெசவு’, ‘வேளாண்மை’, ‘பால்’ என்னும் சொற்களைப் புள்ளியிட்டுச் சேர்த்தால் மூன்று துணைப்பெயர்கள் கிடைக்கும். இவற்றைத் துணைக்களங்கள் என்பர். பெயருக்குச் சந்தா ஒன்றே; துணைக்களங்களுக்குப் பதிவுக் கட்டணம் தனியாக இல்லை.

சேலம்.என்ஐசி.இன், நாமக்கல்.என்ஐசி.இன் என்னும் மாவட்டத் தளங்கள் இம்முறைக்கு நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. இன்று இரு மாவட்டங்களும் தேசியத் தகவலியல் மையத்தின் ஒரே பெயரின் கீழ்த் தத்தம் தளங்களைக் கொண்டிருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா மற்றோர் எடுத்துக்காட்டாகும். 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய அது, விக்கிப்பீடியா என்னும் பெயருக்குட்பட்ட ஒரு துணைக்களமே. எல்லா மொழிகளுக்கும் மென்பொருள் ஒன்று. ஆயினும் ஒவ்வொரு மொழிக்கும் தரவுத்தளம், அதாவது தகவற்பேரேடு, தனி. பல தளங்களுக்கும் பொதுவான படங்களுக்கென 2004-ஆம் ஆண்டு முதல் ஒரு பொதுப் பண்டகசாலையும் உண்டு.

நமது மூன்று சங்கங்களும் வேர்டுபிரஸ், துருப்பல், ஜூம்லா போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களில் ஒன்றைக் கொண்டு தளம் அமைக்கலாம். பக்கங்களை எழுதவும், திருத்தவும், வெளியிடவும் உதவும் இம்மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பவை. அவற்றை நிறுவுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, ஒரே நிறுவலைக்கொண்டு மூன்று தளங்களையும் நடத்துவது. வேர்டுபிரஸ் மென்பொருளில் 2010-இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் இவ்வசதி அதனுள்ளேயே அமைந்துள்ளது. மென்பொருளை ஒருமுறை புதுப்பித்தால் மூன்றிற்கும் போதும். ஆனால் தரவுத்தளமும், பயனர் பட்டியலும், தலைமை நிர்வாகியும் மூன்றிற்கும் பொதுவாகும். ஒரு தளத்துக்கென நிறுவிய செருகுநிரலில் ஓட்டை இருந்தால், ஆபத்து மூன்று தளங்களுக்கும் உரியது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு துணைக்களத்திலும் மென்பொருளைத் தனித்தனியே நிறுவுவது. இதிற் பாதுகாப்பு மிகுதி, பராமரிப்பும் மும்மடங்கு.

இங்கே பலரும் ஏமாறுவதுண்டு. பெயரைப் பிரித்துவிட்டால் தளமும் பிரிந்துவிட்டதென எண்ணுகின்றனர். ஒரே பெட்டிக்கு மூன்று பெயர்ச்சீட்டு ஒட்டுவதனால் அது மூன்று பெட்டியாகிவிடாது. மெய்யாகப் பிரிப்பதற்குக் கீழ்க்கண்டவை இன்றியமையாதவை.

1. சேவைக்கணினியில் ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பயனர் கணக்கும் தனிக் கோப்புறையும் வேண்டும். ஒரே கணக்கின் கீழ் மூன்றும் இருந்தால், ஒன்றனுள் நுழைந்த திருடன் மற்றிரண்டின் கோப்புகளையும் படித்துவிடுவான்.

2. தரவுத்தளமும், அதற்குரிய பயனர் பெயரும், கடவுச்சொல்லும் தனித்தனியாக இருத்தல் வேண்டும். ஒரே தரவுத்தளத்தில் அட்டவணைப் பெயரின் முன்னொட்டை மட்டும் மாற்றுவது, ஒரே பேரேட்டில் மூன்று சங்கத்தின் கணக்கையும் வெவ்வேறு பக்கத்தில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

3. உள்நுழைந்தவரை அடையாளங்காண உலாவியில் வைக்கப்படும் ‘குக்கி’ என்னும் சீட்டு, அந்தந்தத் துணைக்களத்துக்கு மட்டும் செல்லுபடியாக வேண்டும். தாய்ப்பெயருக்கே எழுதிவிட்டால் அது எல்லாத் துணைக்களங்களுக்கும் அனுப்பப்படும்.

4. காப்புப்படி ஒவ்வொரு தளத்துக்கும் தனியே எடுத்து, வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். அதிலிருந்து தளத்தை மீட்டுப் பார்த்தாலன்றி அப்படி பயன்படுமென்று கொள்ளலாகாது.

5. ஒரு தளத்தை மூடும்பொழுது அத்துணைப்பெயரின் பதிவை முதலில் நீக்குதல் வேண்டும். வாடகை இடத்தை விட்டபின் பெயர் மட்டும் அவ்விடத்தைச் சுட்டிக்கொண்டிருப்பின், பிறர் அதனைக் கைப்பற்றி நமது பெயரிலேயே மோசடி செய்ய இயலும்.

ஆகவே எவ்வழியைத் தேர்வது? அங்கத்தினரின் நலன் எதனுள் அடங்கியிருக்கிறதோ அதனை முதலிற் கவனித்தல் வேண்டும். நெசவாளர் சங்கத்தின் தளம் சேலைகளையும் வெண்பட்டு வேட்டிகளையும் விற்பதாயின், வாங்குவோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். அத்தளம் ஒருவாரம் முடங்கினால், விற்காத சரக்கு கிடங்கில் தேங்கும்; தறிக்குக் கூலி தாமதமாகும். எனவே அதற்குத் தனி நிறுவலே தக்கது. மரவள்ளிக்கிழங்கின் விலையையோ, பேரவைக் கூட்ட அறிவிப்பையோ மட்டும் வெளியிடும் மற்றிரு சங்கங்களும் ஒரே நிறுவலைப் பகிர்ந்துகொள்ளலாம். அதனால் வரும் நட்டம் சிறிது, மிச்சமாகும் உழைப்பு பெரிது.

எனினும் ஒரு நிபந்தனை உண்டு. கவனிப்பாரற்ற தனித் தளத்தைவிட, ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் பொதுத் தளமே மேலானது. நிர்வாகக் குழு தனி நிறுவலுக்குத் தீர்மானம் இயற்றும் அதே கூட்டத்தில், அதனை மாதந்தோறும் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்பவர் இன்னார், அவர் இல்லாதபொழுது பார்ப்பவர் இன்னார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுதல் வேண்டும். கடவுச்சொற்கள் ஒப்பந்தக்காரரின் கையில் மட்டும் இருக்கலாகாது. சங்கத்தின் வசமும் இருத்தல் வேண்டும்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்:

அ. நமது சங்கத் தளத்தின் தரவுத்தளத்தை வேறு எந்தத் தளமேனும் பகிர்ந்துகொள்கிறதா?

ஆ. கடைசியாக மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட நாள் எது? அதனைச் செய்தவர் யார்?

இ. இன்றிரவு தளம் அழிந்தால், நாளைக் காலை எந்தப் படியிலிருந்து மீட்போம்?

இம்மூன்றிற்கும் விடை தெரிந்த சங்கம், தன் தளத்தைத் தன் பணப்பெட்டியைப் போலவே காக்கிறது எனலாம்.