நிறமற்ற நஞ்சு

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகள் மழை குறைந்தவை. இடுக்கியின் மறையூரும் மழைமறைவுப் பகுதியே. திறந்த கிணறுகள் வற்ற வற்ற, மக்கள் ஆழ்துளைக் கிணறுகளை நாடுகின்றனர். பாலக்காட்டின் இக்கிழக்குப் பகுதியில், பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீரில் புளோரைடும் கரைந்து வருகிறது.

அதற்கு நிறமில்லை, மணமில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். மிகுந்த அளவில் பல்லாண்டு பருகினால் எலும்பும் இறுகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடோ போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்! பிள்ளைக்காக அக்கறையுடன் நீரைக் காய்ச்சும் தாய்க்கு இதை யார் சொல்வது?

அமிர்த விஸ்வ வித்யாபீடம் 2013இல் தொடங்கிய 'லிவ்-இன்-லேப்ஸ்' திட்டத்தில், மாணவர்கள் கிராமத்தில் தங்கி, மக்களின் குறைகளைக் கேட்டறிந்த பிறகே தீர்வை வடிவமைக்கின்றனர். இவ்வரிசை முக்கியமானது. வடிகட்டி தொலைவில் இருந்தால், குடம் சுமக்கும் பெண்கள் அருகிலுள்ள குழாயையே நாடுவர்.

பலனில் பற்றின்மை என்பது பலனைக் கவனியாமை அன்று. புளோரைடை ஈர்க்கும் அலுமினா வடிகட்டி நிறைவுற்ற பின்னும் நீர் தெளிவாகவே வரும். புளோரைடும் உடன் வரும். ஆதலால் அதனை நிறுவும் நாளிலேயே ஊரார் இருவருக்கேனும் நீர்ச் சோதனையைக் கற்பித்தல் வேண்டும். மாணவர்கள் தேர்வெழுதத் திரும்பிய பின், அலுமினாவைப் புதுப்பிக்க வேண்டிய நாளை அவர்களே கண்டறிவர்.