கரண்ட் குக்கர் ரிப்பேர்: புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குப் பத்துச் சொல்

புதுச்சேரி கதிர்காமத்தில் கரண்ட் குக்கர் இரண்டு வழியாக ரிப்பேருக்கு வரும். மருத்துவக் கல்லூரியைச் சுற்றி அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுடையது ஒன்று. பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த மகனோ மகளோ விட்டுவிட்டுப் போனது இன்னொன்று. இரண்டையும் பிரிக்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இவை.

1. ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் கேள். என்ன வேகவைத்தார்கள், தண்ணீர் எவ்வளவு, ஆவி எந்தப் பக்கம் போனது? கெட்டியான பருப்பு அடியில் பிடித்தால் சூடு ஏறி குக்கர் தானாக நின்றுவிடும். அது பழுதே கிடையாது. தண்ணீர் அளவைச் சொல்லி அனுப்பிவிடு.

2. மூடியிலிருந்து தொடங்கு. ‘பிரஷர் வரமாட்டேங்குது’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது கேஸ்கட். அடுத்தது மூடியில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பின். அந்தப் பின்னின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு சிலிக்கான் தொப்பி இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்து லேசாக வளைத்துப் பார், விரிசல் தெரியும். சில சமயம் பாத்திரம் கழுவும்போதே அது சிங்க்கில் போய்விட்டிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. போர்டைக் கழற்றி அரை நாள் தேடுகிறவன் இதைத்தான் பார்க்காமல் விட்டிருப்பான்.

3. கேஸ்கட் வாங்கப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போ. லிட்டர் கணக்கு மட்டும் சொன்னால் போதாது. விட்டம், தடிமன், உதட்டின் வடிவம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அடுப்புக் குக்கரின் ரப்பர் இதற்கு உதவாது. இழுத்து மாட்டினால் அலையலையாக நிற்கும், அந்த இடத்தில் ஆவி போகும். மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் பழைய குக்கர் கிடைத்தால் கைப்பிடி, கால், உள்பாத்திரம் எடுத்து வைத்துக்கொள். கேஸ்கட்டும் வால்வும் பழசு வேண்டாம்.

4. வால்வில் கைத்திறமையைக் காட்டாதே. 1679-ல் லண்டனில் ஆவிப் பாத்திரத்தைக் காட்டிய டெனி பாபின் ஒரு பிரெஞ்சுக்காரர். சேஃப்டி வால்வு அவர் வைத்ததுதான். வால்வு இல்லாமல் இந்தப் பாத்திரம் ஆகாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. கரண்ட் குக்கர்களில் பெரும்பாலானவை சுமார் 70 கிலோபாஸ்கலில் வேலை செய்யும், அடுப்புக் குக்கர் 100-ஐ ஒட்டி. அதனால் அதன் வெயிட்டை இதில் வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் படிந்து துளை அடைத்திருந்தால் வினிகரில் ஊறவைத்துக் கழுவு. ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதே.

5. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை எடு. 230 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் ஹீட்டர் 53 ஓம் காட்டும். 14 ஓம் பக்கம் காட்டினால் அது அமெரிக்காவின் 120 வோல்ட் சாமான். அதை நம் கரண்டில் போட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடு ஏறி அப்போதே போய்விடும். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும்.

6. பிரான்ஸ் குக்கருக்கு வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, எர்த்தில்தான் பிரச்சினை. மூலினெக்ஸ் குக்கியோ மாதிரி வருவதன் பிளக்கில் இரண்டு உருண்டைப் பின்னும் ஒரு ஓட்டையும் இருக்கும். அந்த ஊரில் எர்த் பின் சுவர் சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டு இந்த ஓட்டைக்குள் நுழையும். நம் சாக்கெட்டில் அந்தப் பின் கிடையாது. பிளக் எப்படியோ சொருகிக்கொள்ளும், குக்கரும் ஓடும், எர்த் மட்டும் இருக்காது. 1200 வாட் குக்கர் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் மூன்று பின் பிளக்காக மாற்றி, பச்சை மஞ்சள் ஒயரைப் பெரிய பின்னில் முடுக்கு.

7. தெர்மல் ஃபியூஸை ஒருநாளும் நேராக இணைக்காதே. குக்கர் சுத்தமாகச் செத்துக் கிடந்தால் பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். ஒரு துண்டு ஒயர் போட்டால் உடனே ஓடும், வாடிக்கையாளரும் சந்தோஷப்படுவார். ஆனால் அந்த ஃபியூஸ் சும்மா போகாது. ரிலே ஒட்டிக்கொண்டதா, சென்சார் தட்டிலிருந்து விலகியதா என்று பார். ஃபியூஸின் மேலேயே ஆம்பியரும் டிகிரியும் அச்சடித்திருக்கும், அதே எண்ணில் வாங்கு. உள்ளூரில் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் தேடு. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸும் போய்விடும். கிரிம்ப் போட்டு நெரி, கண்ணாடி இழை உறையை மறக்காமல் மாட்டு.

8. உள்பாத்திரம் வைக்காமலே அரிசியையும் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் கொண்டுவருவார்கள். பிரித்து, துடைத்து, முழுக்கக் காயவிடு. ‘வேலை செய்யுதா’ என்று பார்க்க நடுவில் கரண்ட் கொடுக்காதே. போர்டில் கரப்பான் எச்சம் இருந்தால் பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகே மீட்டர் வை.

9. முடியாததை முடியாது என்று சொல். மூடியின் பல் தேய்ந்தாலோ விளிம்பு நெளிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடு. புதிதாக அடுப்புக் குக்கர் வாங்குகிறேன் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்க்கச் சொல். 2021 பிப்ரவரி 1 முதல் அது கட்டாயம். அந்தத் தரம் இல்லாத குக்கர்களை விற்கவிட்டதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

10. தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்காமல் ஒன்றையும் வெளியே விடாதே. மீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையை உள்ளே இருக்கும் சூட்டுத் தட்டிலும் வை. பீப் சத்தம் வர வேண்டும். பிறகு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடு. பின் ஏற வேண்டும், விளிம்பில் ஈரம் கசியக் கூடாது, ஆவியை விட்டதும் பின் இறங்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டுக் கொடு, காசு எதற்கு என்று அவர்களுக்குத் தெரியட்டும். பின் இறங்குவதற்கு முன்பே மூடி திறந்துகொள்கிறது என்றால், ஆள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்தக் குக்கர் உன் கடையை விட்டுப் போகக் கூடாது.