சிறுநீரில் ஒரு புரதத்தைத் தேடி

ஒன்பதாம் வகுப்பில் கழிவுநீக்க மண்டலம் நடத்தி முடித்தபோது ஒரு மாணவி தயங்கியபடி அருகில் வந்தாள். "டீச்சர், எங்க தாத்தாவுக்கு ஒன்னுக்குப் போறப்ப ரத்தம் வருது. வலி இல்ல. சூடுன்னு வெந்தயத் தண்ணி குடிக்கிறாரு." தாத்தா சின்னாளபட்டிச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், பீடிப் பழக்கமும் உண்டு.

வலியில்லாமல் வரும் ரத்தத்தைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது. மறுநாளே அவள் அம்மாவை அழைத்துப் பேசினேன். மதுரையில் சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்த்து, சிறிய புற்றுக்கட்டியை அகற்றினார்கள். இந்நோய் மீண்டும் தலைகாட்டக் கூடியது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பரிசோதனை. "சிறுநீரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதா டீச்சர்?" என்றாள். அந்தக் கேள்வியிலிருந்து இரண்டு பாடவேளைகள் கிடைத்தன. அவள் வீட்டு விஷயத்தை வகுப்பில் சொல்லவில்லை.

முதல் பாடவேளை: எந்தப் புரதம்?

ஒரு சோதனைக் குழாயில் முட்டை வெண்கரு கலந்த நீர், இன்னொன்றில் வெறும் நீர். இரண்டிலும் சில துளி வினிகர் விட்டுச் சூடாக்கினோம். வெண்கரு நீர் கலங்கியது. "புரதம் இருக்கு" என்றார்கள். "எந்தப் புரதம்?" என்றேன். பதில் இல்லை.

1845-இல் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் ஒரு நோயாளியின் சிறுநீர் வந்தது. அதிலிருந்த புரதம் சூட்டில் திரண்டு, கொதிக்கும்போது கரைந்தது. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் அடையாளம் அது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இப்படி எளிய அடையாளம் இல்லை. செல்கள் சிதையும்போது உட்கருவிலிருந்து வெளியேறும் என்.எம்.பி.22 என்ற புரதம் இந்நோயாளிகளின் சிறுநீரில் கூடுதலாக இருக்கும். அதை அளக்கும் சோதனைக்கு அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. பல புரதங்களுக்கிடையே அதை மட்டும் பிடிப்பது எதிர்ப்பொருள். "நம்ம திண்டுக்கல் பூட்டு மாதிரி, அதன் சாவிதான் சேரும்" என்றதும் புரிந்துகொண்டார்கள்.

இரண்டாம் பாடவேளை: புளியங்கொட்டைக் கணக்கு

ஆனால் சிறுநீரகக் கல்லோ கிருமித்தொற்றோ இருந்தாலும் இந்தப் புரதம் கூடலாம். இதை விளக்க 1000 புளியங்கொட்டைகளை எண்ணி, 10-க்குச் சுண்ணாம்பு தடவினோம், அவை நோயாளிகள். சோதனை 10-இல் 8 பேரைக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாத 990 பேரில் 10 விழுக்காட்டினரைத் தவறாகக் காட்டுகிறது என்று கற்பனையாக வைத்துக்கொண்டோம். 8-உம் 99-உம் சேர்ந்து 107 பேருக்கு 'உண்டு' என்று வரும்; உண்மை நோயாளிகள் 8 பேரே. தப்பிவிட்ட இருவரும் உண்டு.

"அப்ப இந்தச் சோதனை எதுக்கு?" என்றான் ஒருவன். குழாய்ப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்கும்போது மருத்துவருக்கு அது துணை. தனியே தீர்ப்பு ஆகாது. பிழை குறைந்த புரதங்களை ஆய்வாளர்கள் இன்றும் தேடுவது இதனால்தான்.

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுக்கும் இக்கொட்டைகள் உதவும், செய்து பாருங்கள்.

தாத்தா பீடியை விட்டுவிட்டார். அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுவது பேத்திதான்.